முட்டி படாத நடை

அந்தப் படத்தில் பலகை இல்லை. அவள் கண்ணை முதலில் உறுத்தியது அதுதான். ஓர் ஆள் நாலு காலில் தவழ்ந்து போவது அல்ல. தவழ்வது வேலையில் ஒரு பகுதி. காட்டுப் பாதையோரம் ஒரு மரத்தில், சிறுத்தையின் தோள் உயரத்துக்கு, அதாவது மனிதனின் முழங்கால் உயரத்துக்குத் தானியங்கிக் கேமராவைக் கட்டிவிட்டு, அது விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, கட்டியவரே அதன் முன்னால் கையை ஊன்றித் தவழ்ந்து காட்டுவதுதான். முதலில் கேமரா எண் எழுதிய பலகையைக் காட்டி ஒரு படம், அப்புறம் தவழ்ந்து ஒரு படம். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்கூடப் புழுதியில் தவழ்ந்துதான் ஆகவேண்டும். அவளும் மாணவியாக இருந்த காலத்தில் நாலைந்து கால்சட்டைகளை முட்டியில் கிழித்துக்கொண்டவள்தான்.

"மீசை மறுபடியும் பலகையை மறந்துட்டாரு" என்று வாய்விட்டே முணுமுணுத்தாள்.

மீசை என்பவர் காட்டுக்குள் போய்க் கேமரா கட்டுபவர், தடம் பார்ப்பவர். பதினாலு வருஷமாக அதே வேலை. அவரிடம் குறை கண்டுபிடிப்பதற்கென்றே அவள் பிறந்திருக்கிறாள் என்று அவள் கணவன் தொலைபேசியில் சிரிப்பான். சந்தேகப் பிராணி என்று கல்யாணத்துக்கு முன்பே பட்டம் கொடுத்தவன் அவன். அவள் என்ன செய்வாள், தொழிலே சந்தேகப்படுவதுதான். ஒரு சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் ஒன்றுபோல இருக்காது. இடம் ஒரு படம், வலம் ஒரு படம் வந்தால் அது ஒரு சிறுத்தையா இரண்டா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படத்தையும் இது பொய் சொல்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அவள் பார்க்க ஆரம்பிப்பாள்.

ஆனால் சோதனைப் படங்களை அவள் பார்த்ததே இல்லை. யாரும் பார்ப்பதில்லை. கேமராக்களின் நினைவு அட்டைகளைக் கணினியில் போட்டதும் அதிலுள்ள நிரலே படங்களைப் பிரித்துவிடும்: சிறுத்தை ஒரு பெட்டியில், மான் ஒரு பெட்டியில், பலகையோ மனித உடம்போ தெரிந்தால் 'சோதனை' என்ற பெட்டியில். இரவுப் படங்களில் நிரலுக்கு வேலை இன்னும் சுலபம். மிருகத்தின் கண் கேமராவின் வெளிச்சத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டுகளாக மின்னும். ஆளின் கண் மின்னாது. ஐந்து மாதமாக அந்தச் சோதனைப் பெட்டி பாட்டுக்கு நிரம்பிக்கொண்டிருந்தது. குப்பைத் தொட்டியை யார் கிளறிப் பார்ப்பார்கள்? இன்று மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து, எந்தக் கேமரா எத்தனை நாள் வேலை செய்தது என்று கணக்குக் கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் திறந்தாள்.

வெளியே மழை பெரிதாகவும் பெய்யாமல், விடவும் விடாமல், பின்கட்டின் தகரக் கூரையில் விரல் நுனியால் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தது. அவள் குடியிருந்த வீட்டின் முன்னறைதான் அலுவலகம், அதற்குப் பின்னால் ஒரு நீளமான நடை, நடையின் ஒரு பக்கம் படுக்கையறை, கடைசியில் சமையலறை, பின்கதவு. பின்கதவைத் திறந்தால் ஓடைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, அதற்கப்புறம் காடு. ஈரக் கான்வாஸ் பைகளின் பூஞ்சை வாடை அறை முழுக்க நின்றிருந்தது.

படத்தின் கீழே நேரம் அச்சாகியிருந்தது. அதிகாலை 3.12.

காலையையும் மாலையையும் மாற்றி வைத்துவிட்டார் என்று நினைத்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு அது. பன்னிரண்டு மணி நேரத்தைக் கழித்துக்கொண்டால் போயிற்று. அடர்ந்த நிழலில் பகலில்கூடச் சில நேரம் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் விழும். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதிய கை நின்றது. அதே அட்டையில், அதே நாளில், ஒரு மான் மதியம் 2.05க்கு வந்திருந்தது. பளிச்சென்ற வெயிலில், நிறத்தோடு. கேமராவின் கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

ஆக, மீசை விடியற்காலை மூன்று மணிக்குக் காட்டுக்குள் தவழ்ந்திருக்கிறார்.

படத்தைப் பெரிதாக்கினாள். தலை கவிழ்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை. முதுகில் சட்டை இல்லை. முதுகெலும்பின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. குடித்திருப்பாரோ? அவர் குடிப்பவர் இல்லை என்று ஊரே சொல்லும். அப்படிச் சொல்லப்படுபவர்கள் மேல்தான் அவளுக்கு முதலில் சந்தேகம் வரும்.

பெட்டி முழுவதையும் அலசினாள். பலகைப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொரு பலகைப் படத்துக்கும் அடுத்ததாக மீசையின் பழைய துணித்தொப்பி படத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தது. குனியும்போது விழுந்துவிடுகிறது போல, ஒரு தடவையா இரண்டு தடவையா, இந்த மனிதருக்குத் தலையில் தொப்பி நிற்கவே நிற்காதா? தவழும் படங்கள் மட்டும் பன்னிரண்டு. பன்னிரண்டிலும் பலகை இல்லை. பன்னிரண்டும் இருட்டில்.

பழக்க தோஷம், சிறுத்தையை வரிசைப்படுத்துவதைப் போலவே தேதிப்படி அடுக்கிச் சுவரிலிருந்த வரைபடத்தில் ஊசிகளைக் குத்தினாள். முதல் படம் தொலைவில் மலைமுகட்டில், முப்பத்தெட்டாம் எண் கேமரா. தேதியைப் பார்த்ததும் ஒரு கணம் விரல் ஊசியிலேயே நின்றது. அவளும் மகளும் இந்த வீட்டுக்குக் குடிவந்த அதே வாரம். அடுத்தது முப்பத்தொன்று. அப்புறம் இருபத்தாறு. இருபது. பதினேழு. பன்னிரண்டு. ஊசிகள் மலையிலிருந்து ஒரே கோடாக இறங்கி வந்தன. கடைசிப் படம் இரண்டு வாரத்துக்கு முந்தையது. முதலாம் எண் கேமரா. ஓடைப் பாதையில், அவள் வீட்டுப் பின்கதவிலிருந்து நூறு அடியில் இருப்பது.

ஊசிப் பெட்டியை மூடினாள். இருந்தாலும் பார்க்கப் பழகிய கண் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. முதல் படத்தில் அந்த ஆள் முட்டியை மண்ணில் தேய்த்துக்கொண்டு, பச்சைக் குழந்தை மாதிரி தவழ்ந்திருந்தான். ஐந்தாவதில் முட்டி தரையைவிட்டு உயர்ந்திருந்தது. ஒன்பதாவதில் இடுப்பு தாழ்ந்து, தோள்பட்டைகள் மேலே துருத்திக்கொண்டிருந்தன. கடைசியில், உள்ளங்கை பதிந்து எழுந்த அதே இடத்தில் பின்பாதம் வந்து உட்கார்ந்திருந்தது. சிறுத்தை அப்படித்தான் நடக்கும். முன்னங்கால் வைத்த இடத்திலேயே பின்னங்காலையும் வைக்கும்; சருகு ஒரு தடவைக்கு மேல் நொறுங்காது.

அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். மனசுக்குள் 'அவர்' போய் 'அவன்' வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. சத்தமில்லாமல் நடக்க ஒருத்தன் மாதக்கணக்காகப் பழகுகிறான் என்றால் எதற்கு? ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் தனியாக இருக்கும் வீட்டை நோக்கி எதற்கு? கணவன் வேலை பார்க்கும் நகரம் ஐந்து மணி நேரத் தொலைவு. அது மீசைக்கு நன்றாகவே தெரியும்.

மேஜைக்கு அடியில் ஏதோ அசைந்தது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு.

"அம்மா, பயந்துட்டியா?"

ஆறு வயசு மகள் மேஜைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பெயர் என்னவோ பெரிதாகத்தான் வைத்தார்கள், ஆனால் பிறந்ததிலிருந்து வாண்டுதான். மஞ்சள் கவுன். பத்து நாளாக, பள்ளி விடுமுறை விட்டதிலிருந்து, வீட்டுக்குள் தவழ்ந்தே திரிந்தாள். அம்மா சிறுத்தையைப் பற்றிப் படிப்பவள், பிள்ளை சிறுத்தை விளையாட்டு விளையாடுகிறது என்று அவளும் விட்டிருந்தாள்.

"அடி வாண்டு, உசுரே போச்சு. எப்ப வந்த?"

"அப்பவே வந்துட்டேன். உனக்குக் கேக்கவே இல்ல!"

பெருமையாகத் திரும்பி, நடைப் பக்கம் தவழ்ந்து போனாள். அவள் மகளின் கால்களைப் பார்த்தாள். இத்தனை நாள் பார்த்தும் பார்க்காதது. முட்டி தரையில் படவில்லை. சின்ன உள்ளங்கை எழுந்த இடத்தில், அதே இடத்தில், சின்னப் பாதம் வந்து உட்கார்ந்தது. சிமெண்டுத் தரையில் சத்தமே இல்லை.

"வாண்டு. நில்லு. இப்படி நடக்க யாரு சொல்லிக் குடுத்தா?"

"முட்டி கீழ படக்கூடாதும்மா. பட்டா சத்தம் வந்துடும்."

"அதான், யாரு சொன்னா?"

குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டது. "சொல்லக் கூடாது."

"எங்க வச்சு சொல்லிக் குடுத்தாங்க? அதையாவது சொல்லு கண்ணு."

"ஜன்னல்கிட்ட" என்றாள் வாண்டு. "நீ தூங்கினப்புறம்."

குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தலைமுடியில் ஷாம்பு வாசனைக்கு அடியில் மக்கிய இலையின் ஈர வாடை அடித்தது. குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அது பயமா ஆத்திரமா என்று கேட்டால் ஆத்திரம் என்றுதான் சொல்லியிருப்பாள். என் பிள்ளையிடமா? என் வீட்டு ஜன்னலிலா? வரட்டும் இன்றைக்கு.

நாலே முக்காலுக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. காட்டுக் கேமராக்களிலிருந்து கழற்றிய புது அட்டைகளைக் கொடுக்க மீசை வந்திருந்தார். அவள் வாண்டுவிடம் வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் கொடுத்து, "இங்கயே இரு, அசையாத" என்று சொல்லிவிட்டு, முன்கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குடையோடு கேட்டுக்குப் போனாள். அவரை உள்ளே விடுவதாக இல்லை. பின்கதவு அவள் நினைவுக்கே வரவில்லை.

கைபேசியில் படத்தைக் காட்டினாள். "இது யாரு?"

மீசை மழைக்கோட்டின் உட்பக்கத்தில் விரலைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது எந்தக் கேமரா மேடம்?"

"கேட்டதுக்கு பதில் சொல்லுங்க."

"நான் இல்ல."

"இந்தக் காட்டுல கேமரா முன்னாடி தவழ்ற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"நான் தவழ்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு மேடம்." இடது முட்டியைத் தட்டினார். "உள்ள கம்பி வச்சிருக்கு, மடங்காது. தொப்பியைக் கழட்டி, தலைச்சூடு ஆறுறதுக்குள்ள ஒரு கம்புல மாட்டி, முட்டி உயரத்துல ஆட்டுவேன். சூடு அசைஞ்சா போதும், கேமரா எடுத்துக்கும். ஆபீஸ்ல சொன்னா வேலைய விட்டு எடுத்துடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

"எனக்கே காது குத்துறீங்களா?"

"நம்ம பொழப்பு மேல சத்தியம் மேடம். இந்த ஆளை நான் பாத்ததில்ல. தடம் பாத்திருக்கேன். கைத்தடம், அதுக்கு மேலயே கால்தடம். சொன்னா கிறுக்கன்னு சொல்லுவீங்கன்னு காலால அழிச்சிட்டுப் போயிடுவேன்."

"தடத்தை அழிச்சீங்களா?" குரல் உயர்ந்தது. தடம் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குபவர், தடத்தை அழித்தாராம். "அழிச்சிட்டு இப்ப வந்து கதை சொல்றீங்க. என் பொண்ணுக்கு ஜன்னல் வழியா என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

மீசையின் முகம் மாறியது. திருடன் அகப்பட்டுக்கொண்டான் என்று அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

"பாப்பாவா? பாப்பா என்ன பண்ணுது?"

"அவளைப் பத்திப் பேசாதீங்க."

"பாப்பா இப்ப எங்க மேடம்? இன்னைக்குக் காலைல பின்பக்கம் நான்..."

"போதும்!"

"வேணாம், நான் சொல்லல. நான் இந்தக் கேட்டுகிட்டயே உக்காந்துக்கறேன். உள்ள காலடி எடுத்து வைக்க மாட்டேன். சார் வர்ற வரைக்கும்..."

கணவன் ஊரில் இல்லை என்பதை எவ்வளவு நைசாகச் சொல்லிக் காட்டுகிறான்! "வண்டியை எடுங்க. நாளைக்கு ஆபீஸ்லேருந்து பேசுவாங்க. இப்பப் போகலேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்."

அவர் அப்புறமும் போகவில்லை. கெஞ்சினார். கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடக் கும்பிட அவளுக்குச் சந்தேகம் முற்றியது. கடைசியில் அட்டைப் பையை மதில்மேல் வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினார். அந்தக் கால் இழுப்பும் நடிப்பு என்றே நினைத்தாள். அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பும்போது மணி ஐந்தே கால்.

முன்னறையில் வண்ணப் புத்தகம் திறந்தபடி கிடந்தது. வாண்டுவைக் காணோம்.

"வாண்டு!"

படுக்கையறையிலிருந்து "ம்" என்று பதில் வந்தது. மூச்சு வந்தது அவளுக்கு. முன்கதவைத் தாழிட்டாள். சமையலறைக்கு ஓடினாள். பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. தரையில் ஈரக் கைத்தடங்கள், சின்னதாக. மழையில் ஆடிவிட்டு வந்திருக்கிறது கழுதை. மேல் தாழ், கீழ்த் தாழ், நடுவில் குறுக்குக் கட்டை, எல்லாவற்றையும் போட்டாள். ஜன்னல்களைச் சாத்தினாள். இனி ஒரு பயல் உள்ளே வரமுடியாது.

"தலையைத் துவட்டிக்க, வாண்டு. காய்ச்சல் வரும்."

"ம்."

படுக்கையறைத் தரையில் மெத்துமெத்தென்று ஒரு சத்தம், கட்டிலைச் சுற்றி. விளையாடட்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் போதும். கணவனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, இப்பவே கிளம்புகிறேன் என்றான். அலுவலகத்துக்குச் சொல்வதற்கு முன் கையில் ஆதாரம் வேண்டும். மீசை கொண்டுவந்த புது அட்டைகளில் ஒன்றைக் கணினியில் செருகினாள்.

பலகை. அடுத்தது தொப்பி. வழக்கம்போல. இப்போது ஒவ்வோர் இடத்திலும் பாதைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேமரா உண்டு, எதிரும் புதிருமாக; இரண்டாவது போன மாதம்தான் கட்டியது, அதன் அட்டை வருவது இதுவே முதல் தடவை. எதிர்க் கேமராவின் அட்டையையும் போட்டாள். அதில் கொஞ்சம் விலகிய கோணத்தில் மீசை முழுசாகத் தெரிந்தார். நின்றுகொண்டிருந்தார். இடது கால் கட்டை மாதிரி விறைத்திருந்தது. கையில் நீளக் கம்பு, கம்பின் நுனியில் தொப்பி.

அடுத்த இடம். நிற்கிறார். கம்பு. தொப்பி.

அடுத்தது. அதேதான்.

ஐயோ, அந்த மனுஷன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். கூசிப்போனாள். கெஞ்சிய முகம் கண்முன் வந்தது. கூச்சத்துக்குப் பின்னாலேயே, மெதுவாக, இன்னொன்று வந்தது. அவர் இல்லையென்றால்?

மின்சாரம் போனது. மடிக்கணினியின் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. ஆறு மணிகூட ஆகவில்லை, ஆனால் மழை மூட்டத்தில் ஜன்னல்களெல்லாம் கறுத்துவிட்டன. தகரத்தின் மேல் தட்டும் சத்தம். படுக்கையறையில் மெத்துமெத்தென்ற சத்தம். கட்டிலைச் சுற்றி. நிற்காமல். ஒரு பிள்ளை அலுக்காமல் எவ்வளவு நேரம் சுற்றும்?

"வாண்டு, போதும். இங்க வா."

சத்தம் நின்றது. யாரும் வரவில்லை.

கைபேசி 'டிங்' என்றது. பின்கதவுக்கு மேலே அலுவலகம் சோதனைக்குக் கொடுத்த புதுக் கேமரா ஒன்று இருந்தது. எடுத்த படத்தைக் கைபேசிக்கே அனுப்பும். இங்கே சிக்னல் கிடைக்கும் லட்சணத்துக்கு அரை மணி, முக்கால் மணி தாமதமாகத்தான் வரும். பழைய பேப்பர் என்று அவள் கேலி செய்வாள். திறந்தாள்.

மாலை 4.52. அவள் கேட்டில் கத்திக்கொண்டிருந்த நேரம்.

பின்கதவுப் படி. பகல் வெளிச்சம், நிறத்தோடு. மஞ்சள் கவுன் நாலு காலில் வெளியே போகிறது. முட்டி தரையில் படவில்லை. அதற்கு முன்னால், படத்தைவிட்டு வெளியேறும் ஓரத்தில், பெரிய பின்பாதம் ஒன்று. குதிகால் உயர்ந்திருக்கிறது. உள்ளங்கால் நெடுக மண். பாதத்துக்கு மேல் கணுக்கால் இருக்கவேண்டிய இடம் நீண்டுகொண்டே போகிறது.

'டிங்.'

5.03. இரண்டும் திரும்பி வருகின்றன. இப்போது மஞ்சள் கவுன் முன்னால். பெரியது பின்னால், தலை கவிழ்ந்து, குட்டியை நடக்கவிட்டுப் பார்க்கும் தாய் மாதிரி. கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. குழந்தையின் தலை உள்ளே. அவ்வளவுதான்.

5.03.

அவள் தாழ் போட்டது ஐந்தே காலுக்கு அப்புறம்.

மூன்று தாழும். தன் கையால்.

மீசைக்கு அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் மழைச் சத்தம். ஆள் ரொம்ப தூரம் போகவில்லை.

"மேடம்? நான் ரோட்டு முனையிலதான் நிக்கிறேன். மனசு கேக்கல."

"வாங்க." கிசுகிசுத்தாள். "உள்ள இருக்கு."

"கதவைத் திறந்துட்டு வெளிய வந்துடுங்க மேடம். இப்பவே."

"வாண்டு உள்ள இருக்கா. அவளை விட்டுட்டு எப்படி..."

"மேடம், காலைல பின்பக்கம் ரெண்டு தடம் பாத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன். ஒண்ணு சின்னது." வண்டியை உதைக்கும் சத்தம். உதைத்தும் கிளம்பவில்லை. "பாப்பா எப்படி நடக்குது? முட்டி கீழ படுதா?"

அவள் நடைப் பக்கம் திரும்பினாள்.

"மேடம். படுதா?"

நடையில் ஏதோ வருகிறது. சத்தமில்லை. வாடைதான் வந்தது. மக்கிய இலை. ஈர மண்.

மேஜையிலிருந்த டார்ச்சை எடுத்தாள். விரல் வழுக்கியது. அழுத்தினாள்.

வாசற்படிக்கு அப்பால், தரையோடு தரையாக, மஞ்சள் கவுன். தலை கவிழ்ந்திருந்தது. ஈர முடி முகத்தை மூடியிருந்தது. தோள்பட்டைகள் இரண்டும் மேலே துருத்தியிருந்தன.

என் பிள்ளை. என் பிள்ளைதான்.

"வாண்டு. கண்ணு. எழுந்து நில்லும்மா. அம்மாகிட்ட நடந்து வா."

குழந்தை எழுந்து நிற்கவில்லை.

"அம்மாவைப் பாரு."

தலை மெல்ல நிமிர்ந்தது.

இரண்டு கண்களும் டார்ச் வெளிச்சத்தில் மின்னின. வெள்ளையாக. இரண்டு பொட்டு.

கைபேசியில் மீசை "மேடம், மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்கோ தூரத்தில் வண்டி கிளம்பும் சத்தம்.

குழந்தைக்குப் பின்னால், அவள் தலைக்கு ஒரு முழம் மேலே, இன்னும் இரண்டு பொட்டு திறந்தன.

சின்ன உள்ளங்கை வாசற்படியைத் தாண்டி அறைக்குள் பதிந்தது. எழுந்தது. அதே இடத்தில் சின்னப் பாதம் வந்து உட்கார்ந்தது. அது எழுந்ததும், அதே ஈரத் தடத்தின் மேல், பெரிய கை ஒன்று வந்து பதிந்தது.